யூ.கே. டிடென்ஷன்: சொந்தக்காரர் இல்லை, தெரிஞ்சவர்தான். வெளியில இருந்து நான் என்ன செய்யலாம்?

#1 மேல்மாடி

நாங்க இருக்கிற வீட்ல கீழ் ரூம்ல ஒரு அண்ணன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயசுக்கு மேல இருக்கும். கிச்சன்ல பார்த்தா பேசிக்குவோம், அவருக்கு வர்ற இங்கிலீஷ் லெட்டரை நான் படிச்சுச் சொல்வேன். பழக்கம் அவ்வளவுதான். அசைலம் (அடைக்கலம்) கேஸ் ரிஜெக்ட் ஆகி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை உள்துறையான ஹோம் ஆபீஸ்ல சைன் பண்ணப் போயிட்டு வருவார்னு தெரியும். நேத்து போனவர் திரும்பி வரல. ராத்திரி தெரியாத நம்பர்ல இருந்து போன். "தம்பி, என்னைப் பிடிச்சு வச்சிருக்கிறாங்கள், ஏர்போட்டுக்குப் பக்கத்தில எங்கயோ"ன்னு சொன்னார், அதோட கட் ஆயிடுச்சு. திருப்பி அடிச்சா போகல.

அவருக்கு இங்க குடும்பம் கிடையாது. முழுப் பேரே லெட்டர்ல பார்த்துத்தான் தெரியும். நான் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுல வந்தவன், ஹோம் ஆபீஸ், ட்ரைபியூனல் (இமிகிரேஷன் கோர்ட்) இதெல்லாம் எனக்குச் சுத்தமாத் தெரியாது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, முதல்ல எதைச் செய்யணும்?

#2 கடலோரம்

தம்பி, நான் டிடென்ஷன் சென்டருக்கு விசிட் போற ஒரு குழுவில கன காலமா இருக்கிறன். சொல்றதை வடிவாக் கேளுங்கோ.

இங்க அமெரிக்காவில இருக்கிற மாதிரி பேரை அடிச்சு ஆள் எங்க எண்டு பாக்கிற இணையத்தளம் இல்லை. அவர் திரும்ப எடுக்கும்வரைக்கும் அந்த நம்பரை விட்டிடாதேங்கோ, உங்கட போனை சைலண்டில போடாதேங்கோ. ஏர்போட்டுக்குப் பக்கம் எண்டால் ரெண்டு இடம். ஹீத்ரோவில ஹார்மண்ட்ஸ்வர்த்தும் கோல்ன்புரூக்கும் பக்கத்துப் பக்கத்தில இருக்கு. கேட்விக்கில புரூக் ஹவுஸ், டின்ஸ்லி ஹவுஸ். ஒரு சென்டரில இருந்து மற்றதுக்கு ராவோட ராவா மாத்தவும் செய்வாங்கள், அதனால ஒருக்காக் கேட்டது போதும் எண்டு இருக்க ஏலாது.

அவர் எடுத்தால் லைன் கட் ஆக முதல் மூண்டு விசயம் கேளுங்கோ. எந்த சென்டர்? டிக்கெட் குடுத்திட்டாங்களோ, அதாவது பிளைட் தேதி போட்ட கடிதம் கையில இருக்கோ? லோயர் ஆர்? ரெண்டாவதுக்கு "ஓம்" எண்டால் மிச்ச எல்லாத்தையும் விட்டிட்டு அண்டைக்கே லோயரைப் பிடிக்கவேணும்.

அவரின்ர ரூமில ஹோம் ஒபிஸ் கடிதம் ஏதும் இருந்தால் ரெபரன்ஸ் நம்பர், பிறந்த தேதி, கடிதத்தில இருக்கிறபடியே பேரின்ர எழுத்து, இதுகளை ஒரு தாளில எழுதி வையுங்கோ. எங்கட பேருகளை அவங்கள் ஒவ்வொரு கடிதத்தில ஒவ்வொரு மாதிரி எழுதி வச்சிருப்பாங்கள். ரெபரன்ஸ் நம்பர் இல்லாட்டி ஒருத்தரும் உங்களோட கதைக்க மாட்டினம்.

#3 நேர்வழி

கடுமையா சொல்றேன்னு நினைக்காதீங்க. நீங்க ஒர்க் விசாவுல இருக்கீங்க, நாளைக்கு ஐ.எல்.ஆர். (நிரந்தரமாத் தங்குற அனுமதி) போடணும். கேஸ் ரிஜெக்ட் ஆனவருக்காக ஹோம் ஆபீஸ்ல உங்க பேரைப் பதிய வைக்கணுமா? அவர் மேல வேற என்ன கேஸ் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? கூட ஒரே வீட்ல இருந்தாருங்கிறதுக்காக தலையைக் கொடுக்க வேண்டாம். அவங்க ஊர்க்காரங்க சங்கம், கோயில்னு எத்தனையோ இருக்கு, அவங்ககிட்ட சொல்லிட்டு ஒதுங்கிடுங்க.

#4 வாய்தா

நான் சொலிசிட்டர் இல்லை, ஓர் இமிகிரேஷன் ஃபர்மில் கேஸ்வொர்க்கர். இங்கே சொல்வது பொதுத் தகவல் மட்டுமே.

நேர்வழி சொன்ன பயம் நிறையப் பேருக்கு இருப்பதால் முதலில் அது. தடுப்பில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதும், அவருக்கு லாயர் தேடிக் கொடுப்பதும், பெயில் ஹியரிங்கில் அவருக்காக நிற்பதும் சட்டப்படி செய்யும் வேலைகள். அதற்காக யாருடைய விசாவையும் மறுக்க விதியில் இடமில்லை. சிக்கல் வருவது பொய் சொன்னால்தான். இல்லாத உறவைச் சொல்வது, குடியிருக்காத முகவரியைக் கொடுப்பது, வங்கிக் கணக்கில் ஒரு வாரத்துக்கு மட்டும் கடன் வாங்கிப் பணம் போட்டுக் காட்டுவது மாதிரியான வேலைகளில் இறங்காதவரை உங்களுக்கு ஒன்றும் வராது.

அடுத்து லாயர். சென்டர்களில் டிடென்ஷன் டியூட்டி அட்வைஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வருமானம் எவ்வளவு, கேஸில் பலம் இருக்கிறதா என்று எதையும் பார்க்காமல் முப்பது நிமிடம் இலவச ஆலோசனை. பெயர் கொடுக்க வேண்டியது அவர்தான், நீங்கள் வெளியிலிருந்து கொடுக்க முடியாது. வெல்ஃபேர் ஆபீஸிலோ லைப்ரரியிலோ கேட்டால் பட்டியலில் சேர்ப்பார்கள். போன் வந்ததும் இதைச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒரு ஃபர்ம் கேஸை நடத்தியிருந்தால் அவர்கள் பெயரைக் கண்டுபிடியுங்கள். அந்த ஃபைல் அவருடையது, கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு. பழைய ஃபைலைப் பார்க்காமல் புது லாயர் எதையும் உருப்படியாகச் செய்ய முடியாது.

#5 கம்பிக்கு_அந்தப்பக்கம்

நான் உள்ளுக்க இருந்து வந்தவன். லைன் ஏன் கட் ஆனது எண்டு நான் சொல்லுறன்.

உள்ளுக்க போன உடன கமெரா, இன்ரர்நெட் இருக்கிற போனை வாங்கி வச்சிடுவாங்கள். பதிலுக்கு ஒரு பழைய பட்டன் போன் தருவாங்கள், உங்கட சிம்மை அதில போடலாம். ஆனா நம்பர் எல்லாம் சிம்மில இல்லை, போனுக்க எல்லோ கிடக்கு? ஆற்ர நம்பரும் மனப்பாடம் இல்லை. நான் ஒரு நம்பர் ஞாபகத்தில வச்சிருந்தன், அது எங்கட பழைய வேலைக் கடை. அவருக்கு தம்பியின்ர நம்பர் கிடைச்சதே பெரிய விசயம்.

முதல் ராவு பயங்கரம். கதவைப் பூட்டுற சத்தம் கேட்டால் ஊரில பட்டது எல்லாம் திரும்ப வரும். விடிய எழும்பினால் ஒருத்தன் கூட்டிக்கொண்டு போய் தாள் தாளாக் குடுத்து கையெழுத்து வை எண்டுவான். என்னெண்டு தெரியாமல் வைக்காதேங்கோ எண்டு அவருக்குச் சொல்லுங்கோ. "வாங்கிக்கொண்டன்" எண்டு வைக்கிற கையெழுத்து வேற, "நானாத் திரும்பிப் போறன்" எண்டு வைக்கிற கையெழுத்து வேற. தமிழில ஆள் வேணும் எண்டு கேட்க உரிமை இருக்கு. போனில ட்ரான்ஸ்லேற்றர் எடுத்துத் தருவாங்கள்.

அவருக்கு டாப் அப் போட்டு விடுங்கோ. உள்ளுக்க வேலை செய்தால் மணித்தியாலத்துக்கு 1 பவுண்ட் தான், அதை வச்சு லோயரோட கதைக்க ஏலாது.

#6 மேல்மாடி

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு மத்தியானம் எடுத்தார். கோல்ன்புரூக். டிக்கெட் இன்னும் கொடுக்கல. ஐ.எஸ்.91ஆர்னு ஒரு பேப்பர் கொடுத்திருக்காங்களாம், நிறைய கட்டத்துல டிக் போட்டிருக்குன்னு சொல்றார். டியூட்டி லாயருக்குப் பேர் கொடுக்கச் சொல்லியிருக்கேன்.

அவர் சொல்லித்தான் ரூமைத் திறந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில ஒரு நீல சூட்கேஸ், அதுக்குள்ள துணியைவிட லெட்டர்தான் அதிகம். 2016லருந்து எல்லாத்தையும் கவரோட வச்சிருக்கார். ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட், பஸ் டிக்கெட், எதையும் தூக்கிப் போடல. ரெஃபரன்ஸ் நம்பர் இதுதான்: [நீக்கப்பட்டது]

எத்தனை நாள் வச்சிருப்பாங்க?

#7 மட்டுறுத்துநர்

நம்பரை எடுத்துவிட்டேன். பெயர், ரெஃபரன்ஸ், பிறந்த தேதி, முகவரி எதையும் பொதுவில் போட வேண்டாம். இழையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

#8 வாய்தா

எத்தனை நாள் என்பதற்குச் சட்டத்தில் எண்ணே இல்லை, இந்த நாட்டின் பெரிய குறை அதுதான். ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் உச்ச வரம்பு உண்டு, இங்கே கிடையாது. நீதிமன்றம் வகுத்த ஹர்டியல் சிங் கோட்பாடுகள்தான் இருக்கின்றன. 1980களின் தொடக்கத்தில் டர்ஹம் சிறையில் இருந்த ஓர் இந்தியரின் வழக்கில் வந்தவை. நாடுகடத்துவதற்காக மட்டுமே தடுத்து வைக்கலாம், அதுவும் நியாயமான காலத்துக்கு மட்டும், அந்தக் காலத்துக்குள் அனுப்ப முடியாது என்று தெரிந்துவிட்டால் விட்டுவிட வேண்டும். புரூக் ஹவுஸில் தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கு நடந்த கொடுமைகளை விசாரித்த குழு 2023 செப்டம்பரில் கொடுத்த அறிக்கை, 28 நாள் உச்ச வரம்பு வை என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை.

ஐ.எஸ்.91ஆர் முக்கியமான தாள். ஏன் பிடித்தோம் என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் அதில் இருக்கும். "தலைமறைவாகிவிடுவார்" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால் பெயிலில் நாம் உடைக்க வேண்டியது அதைத்தான். அவர் போனில் வாசிக்கட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

சூட்கேஸைப் பத்திரமாக வையுங்கள். எல்லாவற்றையும் தேதி வாரியாகப் படம் எடுத்து வைத்தால் லாயருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

#9 குமரகம்

ஸ்ரீலங்கா ஹைகமிஷனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லலாமே? அவங்க நாட்டுக் குடிமகன்தானே, உதவி பண்ண மாட்டாங்களா?

#10 கடலோரம்

ஐயோ, வேண்டாம். அந்த அரசாங்கத்துக்குப் பயந்து அசைலம் கேட்ட ஆளைப் பற்றி அவையளுக்கே போன் பண்ணிச் சொல்லிறதோ? அவர் உங்களிட்டக் கேட்காமல் நீங்களா அந்தப் பக்கம் போகவே கூடாது.

விசா முடிஞ்சு நிண்டு பிடிபட்டவை, ஊருக்குப் போறதில பயம் இல்லாதவை எண்டால் வேற கதை. அவையள் தங்கட தூதரகத்துக்கு அறிவிக்கச் சொல்லிக் கேக்கலாம், 1963 வியன்னா ஒப்பந்தத்தில இருக்கிற உரிமை அது. ஆனா அப்பவும் முடிவு அவையளின்ர தான்.

#11 மேல்மாடி

ஒரு புது விஷயம். எனக்கு ஒருத்தர் போன் பண்ணினார், தமிழ்தான். என் நம்பர் எப்படிக் கிடைச்சதுன்னே தெரியல. "நாலு நாள்ல வெளிய எடுத்துத் தர்றேன், உள்ள நமக்கு ஆள் இருக்கு, ரெண்டாயிரத்து ஐநூறு கேஷா கொடுங்க"ன்னார். சொலிசிட்டரான்னு கேட்டேன், "சொலிசிட்டருக்கும் நாங்கதான் எழுதிக் கொடுக்கிறோம்"ங்கிறார். அண்ணன்கிட்ட சொன்னேன், அவர் "காசைக் குடுப்பமோ தம்பி"ன்னு கேட்கிறார். ஊர்ல நிலம் இருக்காம், விக்கலாமாம்.

#12 துளசிமாடம்

கொடுக்காதீங்க, கொடுக்காதீங்க. எங்க குடும்பத்துல ஒருத்தருக்கு இதே மாதிரி ஒரு ஆள் வந்தார். ரசீது கேட்டா "நம்பிக்கைதான் ரசீது"ன்னு வசனம். கடைசியில ஒரு கடிதம் அனுப்பினார், அதுல எங்க ஆளோட ஊரே தப்பு. வேற யாருக்கோ எழுதினதுல பேரை மட்டும் மாத்தியிருக்கார். அந்தத் தப்பான ஊரை ஹோம் ஆபீஸ் பிடிச்சுக்கிட்டு, "முன்னுக்குப் பின் முரணாச் சொல்றார்"னு அடுத்த ரெஃபியூசல்ல எழுதிட்டாங்க. போன காசைவிட அதுதான் இன்னைக்கு வரைக்கும் வலிக்குது.

#13 வாய்தா

துளசிமாடம் சொன்ன கடைசி விஷயத்தை எல்லோரும் கவனியுங்கள். தப்பான கடிதம் ஒருமுறை ஃபைலில் ஏறிவிட்டால் அதை இறக்க முடியாது.

இந்த நாட்டில் பதிவு இல்லாமல் இமிகிரேஷன் ஆலோசனை கொடுப்பது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இலவசமாகக் கொடுத்தாலும் குற்றம்தான். ஒருவர் சொலிசிட்டர் என்றால் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி பதிவேட்டில் இருப்பார். அட்வைசர் என்றால் இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி பதிவேட்டில் இருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்த அமைப்புதான் அது. இரண்டு பதிவேட்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயரே சொல்லாத ஆளை எங்கே போய்த் தேடுவது?

பெயில் விண்ணப்பத்துக்கு ட்ரைபியூனல் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. பி1 என்று ஒரு படிவம், அவ்வளவே. லாயர் கிடைக்காவிட்டால் அவரே நிரப்பி அனுப்பலாம். அப்படிச் செய்கிறவர்களுக்காக பெயில் ஃபார் இமிகிரேஷன் டிடெய்னீஸ் என்ற தொண்டு நிறுவனம் கையேடு வைத்திருக்கிறது. அதே ஆலோசனையை அவர்கள் காசில்லாமல் கொடுக்கிறார்கள்.

#14 கம்பிக்கு_அந்தப்பக்கம்

நிலத்தை விக்க வேண்டாம் எண்டு அந்த அண்ணைக்குச் சொல்லுங்கோ. உள்ளுக்க இருக்கேக்க ஆர் என்ன சொன்னாலும் நம்பத் தோணும். நானும் அப்பிடித்தான் இருந்தன்.

#15 மேல்மாடி

விசிட் போயிட்டு வந்தேன். முன்னாடியே புக் பண்ணி, பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போனேன். போன், பர்ஸ் எல்லாம் லாக்கர்ல. உள்ள விமான சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு தடவையும் அவர் பேச்சை நிறுத்திட்டு மேல பார்க்கிறார்.

டியூட்டி லாயர் பார்த்துட்டாங்களாம், லீகல் எய்டுல (அரசு செலவுல) எடுத்துக்கிட்டாங்க. ஆனா அவர் என்கிட்ட வேற ஒண்ணு சொன்னார். 2009ல முகாம்ல இருந்து கூட்டிட்டுப் போய் அடிச்சிருக்காங்க, முதுகுல தழும்பு இருக்கு. சட்டையைத் தூக்கப் போனார், நான்தான் வேண்டாம்னேன். இதை முதல் இன்டர்வியூல முழுசாச் சொல்லலியாம். "பொம்பிளைப் பிள்ளை இருந்து கேட்டது, எப்பிடிச் சொல்றது"ங்கிறார். உள்ள டாக்டர்கிட்டயும் சொல்லல.

#16 கடலோரம்

இது மிக முக்கியம் தம்பி. 2001ஆம் ஆண்டு டிடென்ஷன் சென்டர் விதிகளில விதி 34 எண்டு இருக்கு, போய் 24 மணித்தியாலத்துக்குள்ள டொக்டர் பாக்க வேணும். அந்த நேரம் ஆள் பயத்தில ஒண்டும் சொல்லாது. பிறகு கேட்கலாம், கேட்க வேணும். விதி 35 எண்டு அடுத்தது. சித்திரவதை பட்டிருக்கலாம் எண்டு டொக்டருக்குச் சந்தேகம் வந்தால் ஹோம் ஒபிசுக்கு ரிப்போட் எழுத வேணும், அவங்கள் ரெண்டு வேலை நாளுக்குள்ள பதில் சொல்ல வேணும். ஹெல்த்கேரில போய் "ரூல் தேர்ட்டிபைவ் அப்பொயின்மென்ட்" எண்டு அந்தச் சொல்லாலேயே கேக்கச் சொல்லுங்கோ. "முதுகு நோகுது" எண்டால் பனடோல் தான் குடுப்பாங்கள். ஆம்பிளை டொக்டர், தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேக்கிறதில வெக்கம் வேண்டாம்.

மெடிக்கல் ஜஸ்டிஸ் எண்ட அமைப்பு வெளி டொக்டர்மாரை அனுப்பி தழும்புகளைப் பார்த்து ரிப்போட் எழுதுவிக்கும். லோயரிட்ட அந்தப் பேரைச் சொல்லுங்கோ.

நீங்கள் அவரிட்ட நடந்தது என்ன எண்டு துருவித் துருவிக் கேக்காதேங்கோ. அதை டொக்டரும் லோயரும் கேப்பினம். உங்களோட அவர் கிரிக்கெட் கதைக்கட்டும்.

#17 நேர்வழி

முதல்ல சொல்லாததை இப்ப சொன்னா ஹோம் ஆபீஸ் நம்புமா? பிடிபட்டதுக்கு அப்புறம் கதை சொல்றார்னுதானே சொல்வாங்க?

#18 வாய்தா

சொல்வார்கள், தாமதத்தை அப்படியே எதிராகப் பயன்படுத்துவார்கள். அதனால்தான் மருத்துவச் சான்று. தழும்பு எப்போது, எப்படி வந்திருக்கலாம் என்று மருத்துவர் எழுதுவதை வெறும் "கதை" என்று ஒதுக்க முடியாது. சித்திரவதைக்கு ஆளானவர்கள் தாமதமாகத்தான் வாய் திறப்பார்கள் என்பது ட்ரைபியூனலுக்கும் தெரிந்ததுதான்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விதி 35 ரிப்போர்ட் வந்தால் உடனே விட்டுவிடுவார்கள் என்று அவருக்கு நம்பிக்கை கொடுக்காதீர்கள். தடுப்பில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கான "அடல்ட்ஸ் அட் ரிஸ்க்" கொள்கையில், ஆதாரத்தின் பலத்தைப் பொறுத்து மூன்று படிகள் இருக்கின்றன. ரிப்போர்ட் வந்தவர் பெரும்பாலும் இரண்டாம் படியில் வருவார். அதை ஏற்றுக்கொண்டே, "இருந்தாலும் தலைமறைவாகும் அபாயம் அதிகம்" என்று உள்ளேயே வைத்திருப்பதும் நடக்கிறது. ஆனால் அந்த ரிப்போர்ட் பெயில் நீதிபதி முன்னால் போகும், புதுக் கோரிக்கைக்கும் அடிப்படையாகும். இமிகிரேஷன் விதிகளின் பத்தி 353 படி, முன்பு சொன்னதிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு மாறுபட்ட ஆதாரம், வெற்றிபெற நியாயமான வாய்ப்பு, இரண்டும் இருந்தால் அது ஃப்ரெஷ் கிளெய்ம், அதாவது புது அசைலம் கோரிக்கை. இலங்கைக்கு 2021ஆம் ஆண்டின் கேகே அண்ட் ஆர்எஸ் என்ற வழிகாட்டித் தீர்ப்பு இருக்கிறது. இங்கே நடக்கும் தமிழர் ஊர்வலத்தில் கொடி பிடித்த ஃபோட்டோ ஒன்றை மட்டும் வைத்து அதில் ஜெயிக்க முடியாது. ஆளுக்கு அந்தச் செயல்பாடுகளில் என்ன பங்கு, என்ன பின்னணி என்று பார்ப்பார்கள். ஃபோட்டோ சேர்ப்பதைவிட அவருடைய மருத்துவமும் வாக்குமூலமும் முதலில்.

#19 மேல்மாடி

ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, பெயிலுக்கு அட்ரஸ். எங்க வீட்டுக்காரர் "போலீஸ் அது இதுன்னு வந்தா என்னால ஆகாது, என் அட்ரஸ் கொடுக்காதே"ன்னுட்டார். ரெண்டு, லாயர் என்னை ஃபைனான்ஷியல் கண்டிஷன் சப்போர்ட்டரா நிக்க முடியுமான்னு கேட்டாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். உண்மையாச் சொல்லணும்னா பயமாத்தான் இருக்கு.

#20 வாய்தா

வீட்டுக்காரரின் பயம் ஆதாரமில்லாததும் அல்ல. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ரைட் டு ரென்ட் விதிப்படி, தகுதியில்லாதவருக்கு வாடகைக்கு விட்டால் இங்கிலாந்தில் அபராதம் உண்டு. ஆனால் வாடகை வாங்காமல் விருந்தாளியாக வைத்திருப்பது அதில் வராது. ஹோம் ஆபீஸிடம் "பெர்மிஷன் டு ரென்ட்" கேட்கவும் வழி இருக்கிறது. அவருக்கு மனமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். ஹியரிங் நாளில் அவரை அழைத்துக் கேட்டு "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டால் பெயில் போய்விடும். தூரத்துச் சொந்தம் யாராவது முகவரி கொடுப்பார்களா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் ஹோம் ஆபீஸ் தங்குமிடத்துக்கு லாயர் விண்ணப்பிக்க வேண்டும், அதில் நாள் இழுக்கும்.

சப்போர்ட்டர் என்பது முன்பு ஷுரிட்டி என்று இருந்ததுதான். பொதுவாகப் பணத்தை முதலிலேயே கட்ட வேண்டாம், அவர் நிபந்தனையை மீறினால் இவ்வளவு கட்டுகிறேன் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். மீறினாலும் தானாகப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள், உங்கள் தரப்பைக் கேட்டுத்தான் முழுதாகவோ பாதியாகவோ கட்டச் சொல்வார்கள். நீதிபதி உங்களிடம் கேட்கப்போவது: எத்தனை நாளாகத் தெரியும், அவரை எப்படிச் சைன் பண்ணப் போக வைப்பீர்கள், இந்தப் பணம் போனால் உங்களுக்கு என்ன ஆகும். நெருங்கிய நண்பர் என்று ஊதிச் சொல்ல வேண்டாம். "ஒரே வீட்டில் இருந்தோம், லெட்டர் படித்துச் சொல்வேன்" என்ற உண்மையே போதும். பழக்கம் குறைவு என்பது பலவீனம்தான். அதோடு சொந்தக்காரர் ஒருவரும் சேர்ந்து நின்றால் சரியாகிவிடும்.

#21 நேர்வழி

நான் இன்னும் என் கருத்தை மாத்திக்கல. கையெழுத்துப் போடுறதா இருந்தா, போனாலும் பரவாயில்லைங்கிற தொகைக்கு மட்டும் போடுங்க.

#22 வாய்தா

இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தத்தோடு. போனால் கொஞ்சமாவது வலிக்கிற தொகையாக இருக்க வேண்டும். வலிக்காது என்று தெரிந்தால் நீதிபதிக்கு அதில் மதிப்பில்லை.

#23 மேல்மாடி

லெஸ்டர்ல அவங்க அம்மா வழியில ஒரு சித்தப்பா முறை இருக்கார்னு அண்ணன் கடைசியில சொன்னார். ஏன் முதல்லயே சொல்லலன்னா, "அவையளுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது எண்டு" ங்கிறார். நான்தான் போன் பண்ணினேன். அந்தப் பெரியவர் ஒரு நிமிஷம் பேசாம இருந்தார், அப்புறம் "அவனின்ர தேப்பன் எனக்குப் படிப்பிச்சவர். ஒரு ரூம் இருக்கு" ன்னார். அட்ரஸ், வீட்டுப் பத்திரம், கவுன்சில் டாக்ஸ் பில் எல்லாம் லாயருக்கு அனுப்பிட்டார். நான் 500 பவுண்டுக்கு சப்போர்ட்டர். அவரும் நிக்கிறார்.

விதி 35 ரிப்போர்ட் வந்துச்சு. வாய்தா சொன்ன மாதிரியேதான், இரண்டாம் படின்னு ஒத்துக்கிட்டு உள்ளேயே வைக்கிறோம்னு பதில். அன்னைக்கு ராத்திரி அண்ணன், "நான் போறன் எண்டு எழுதிக் குடுக்கப் போறன், என்னால ஏலாது" ன்னு சொல்றார். என்ன சொல்றதுன்னு தெரியல.

#24 கம்பிக்கு_அந்தப்பக்கம்

அவரின்ர நம்பரை எனக்கு உள்பெட்டியில அனுப்புங்கோ, நான் கதைக்கிறன். போறது அவரின்ர உரிமை, நாங்கள் தடுக்க ஏலாது. ஆனா ராவில எடுக்கிற முடிவு வேண்டாம், விடிய லோயரோட கதைச்சிட்டு எடுக்கட்டும். தானாப் போறன் எண்டு எழுதினால் அசைலம் கேஸை விட்டிட்டன் எண்டு அர்த்தம். பிறகு திரும்பி வர விசா மறுக்கிற காலமும் போற விதத்தைப் பொறுத்து 1 வருசத்தில இருந்து 10 வருசம் வரைக்கும் இருக்கு.

உயிரை விடுற கதை ஏதும் கதைச்சால் நேரத்தை வீணாக்காமல் சென்டருக்கு அடிச்சுச் சொல்லுங்கோ. ஆளைக் கவனிக்கிறதுக்கு ஏ.சி.டி.டி. எண்டு ஒரு முறை உள்ளுக்க இருக்கு. காட்டிக் குடுக்கிற மாதிரி நினைக்காதேங்கோ.

#25 மேல்மாடி

அவரோட பேசினதுக்கு ரொம்ப நன்றி அண்ணா. எழுதிக் கொடுக்கல.

நாளைக்கு ஹியரிங். பெயிலை ஏன் எதிர்க்கிறோம்னு பெயில் சம்மரின்னு ஒண்ணு ஹோம் ஆபீஸ் அனுப்பியிருக்காங்க, லாயர் எனக்கும் அனுப்பினாங்க. இவ்வளவு நேரமும் போன்ல அவருக்கு வரிவரியாத் தமிழ்ல சொன்னேன். பத்தாவது பாராவுல "போன வருஷம் மார்ச்ல சைன் பண்ண வரவில்லை, காரணமும் சொல்லவில்லை"ன்னு இருந்துச்சு. "அண்டைக்கு எனக்கு ஆஸ்பத்திரி தம்பி, ஸ்கான் எடுத்தது"ன்னார். சூட்கேஸ்ல தேடினேன். அதே தேதி, அதே காலை நேரம், அப்பாயின்ட்மென்ட் லெட்டர். பின்னாடி அவர் கையெழுத்துல தமிழ்ல "போன் பண்ணிச் சொன்னது, எடுத்தவர் ஓகே எண்டவர்" ன்னு எழுதியிருக்கார். படம் எடுத்து அப்பவே லாயருக்கு அனுப்பிட்டேன்.

#26 வாய்தா

இந்தச் சம்மரி ஹியரிங்குக்கு முந்தைய வேலை நாள் பிற்பகல் 2 மணிக்குள் வந்தாக வேண்டும் என்பது விதி. ஆக, மறுப்பதற்குக் கிடைப்பது ஒரு மாலையும் ஓர் இரவும்தான். இங்கிலீஷ் தெரியாதவருக்கு அந்த நேரத்தில் யாராவது வாசித்துச் சொல்லாவிட்டால் அந்த பத்தாவது பாரா அப்படியே உண்மையாகியிருக்கும்.

நாளைக்கு அவர் சென்டரிலிருந்து வீடியோவில் வருவார். மொழிபெயர்ப்பாளர் சொல்வது புரியாவிட்டால் தலையாட்டாமல் புரியவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள். மறுத்துவிட்டால், 28 நாளுக்குள் மறுபடி போட்டால் நிலைமை மாறியிருந்தால்தான் நேரில் விசாரிப்பார்கள். அதனால் கையில் உள்ளதை எல்லாம் நாளைக்கே வைத்துவிடுங்கள்.

#27 மேல்மாடி

பெயில் கிடைச்சுடுச்சு!

நீதிபதி என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, "அவர் லெஸ்டருக்குப் போயிட்டா உங்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு இருக்கும்?"னு. "அவருக்கு வர்ற லெட்டரை இப்பவும் எனக்குப் படம் எடுத்துத்தான் அனுப்புவார்"னேன். ஹோம் ஆபீஸ் தரப்புல அந்த மார்ச் விஷயத்தை எடுத்தாங்க, பாரிஸ்டர் லெட்டரைக் காட்டினதும் அடுத்த பாயின்ட்டுக்குப் போயிட்டாங்க. லெஸ்டர் அட்ரஸ்லதான் இருக்கணும், அங்கயே சைன் பண்ணணும், வேலை செய்யக் கூடாது. ராத்திரி ஏழு மணிக்கு மேலதான் விட்டாங்க. சித்தப்பா காரோட கேட்ல நின்னார்.

#28 கடலோரம்

சந்தோசம் தம்பி. உள்ளுக்க ஹெல்த்கேரில இருந்த மெடிக்கல் ரெக்கோட் முழுக்க எழுதிக் கேட்டு எடுங்கோ, ஆள் வெளியில வந்த பிறகு மறந்திடும். லெஸ்டரில ஜி.பி. எண்ட குடும்ப டொக்டரிட்டப் பதிஞ்சு அந்த ரெக்கோட்டைக் குடுக்கவேணும். நித்திரைக் குளிசை திடீரெண்டு நிண்டால் கஷ்டப்படுவார்.

#29 வாய்தா

வாழ்த்துகள். ஃப்ரெஷ் கிளெய்மை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள், அடுத்த சைன் பண்ணும்போது திரும்பப் பிடிக்கும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. போகும் நாள் காலையில் லாயருக்கு ஒரு மெசேஜ், சித்தப்பாவுக்கு ஒரு மெசேஜ், திரும்பியதும் உங்களுக்கு ஒன்று. லாயர் நம்பரையும் உங்கள் நம்பரையும் பேப்பரில் எழுதி சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். சூட்கேஸை லெஸ்டருக்கு அனுப்பும் முன் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

#30 மேல்மாடி

பிரதி எடுத்தாச்சு. முதல் சைன் அடுத்த செவ்வாய். நானும் லீவ் போட்டிருக்கேன்.